முன்பக்கத்தில் லொடலொட: எஸ்டிமேட்டுக்குச் சம்மதம் சொல்வதற்கு முன்

கேள்வி: நான் திண்டுக்கல்லில் வசிக்கும் பள்ளி ஆசிரியை. 2015-ஆம் ஆண்டு மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக் கார் ஒன்றை செகண்ட்ஹேண்டில் வாங்கி ஓட்டி வருகிறேன். மீட்டர் 88,000 கிலோமீட்டரைக் காட்டுகிறது. பள்ளி இருக்கும் கிராமத்துச் சாலையில் மெதுவாகப் போகும்போது முன்பக்கத்திலிருந்து லொடலொடவென்று சத்தம் வருகிறது. வேகத்தடையில் நேராக ஏறி இறங்கும்போது அவ்வளவாக வருவதில்லை. ஸ்டீயரிங்கை இடதுபுறம் முழுவதும் ஒடித்துத் திருப்பும்போது டக் டக் என்று தனியாக ஒரு சத்தம் கேட்கிறது. நான்குவழிச் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ஊ என்ற இரைச்சலும் உண்டு. ஒரு பட்டறையில் இரண்டு ஷாக் அப்சார்பர், இரண்டு லோயர் ஆர்ம், ஸ்டீயரிங் ராக் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் கொடுத்தார்கள். இன்னொருவர் லிங்க் ராடு மட்டும் போதும் என்கிறார். யார் சொல்வதை நம்புவது? அடுத்த மாதம் குடும்பத்தோடு இந்தக் காரில் திருச்செந்தூர் போகலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அந்தப் பெரிய எஸ்டிமேட்டுக்கு இப்போதைக்குச் சம்மதம் சொல்ல வேண்டாம். லிங்க் ராடு மட்டும் போதும் என்பதையும் முழுவதுமாக ஏற்க வேண்டாம். உங்கள் காரில் இருப்பது ஒரே கோளாறின் மூன்று வெளிப்பாடுகள் அல்ல. தனித்தனியாகப் பார்க்க வேண்டிய மூன்று சத்தங்கள். முதல் பட்டறை மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டது. இரண்டாமவர் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லியிருக்கிறார். சத்தம் எப்படி இருக்கிறது என்பதோடு நிறுத்தாமல் எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்பதையும் நீங்கள் எழுதியிருப்பதால், காரைப் பார்க்காமலேயே ஓரளவு தூரம் போக முடிகிறது.

முன்பக்கச் சத்தத்தில் பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. இக்காலச் சிறிய கார்களுக்குத் தனியாகச் சேஸிஸ் என்னும் அடிச்சட்டம் கிடையாது. தகடுகளை வெல்டிங் செய்து ஒரே கூடாகக் கட்டிய உடல்தான் எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. பித்தளைக் குடத்தை எங்கே தட்டினாலும் குடம் முழுவதும் ஒலிப்பதைப் போல, வலது சக்கரத்தின் அருகே பிறக்கும் சத்தம் இடது காலுக்குக் கீழேயிருந்து வருவதாகவும் தோன்றும். எனவே சத்தம் வரும் இடத்தைக் காதால் குறிக்க முயல்வதைவிட, அதை வரவழைக்கும் சூழ்நிலையைக் கண்டுபிடிப்பதே பயனுள்ள வழி.

லொடலொடச் சத்தத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். மாருதி 800 காலம் தொட்டு நம் ஊர்ச் சிறிய கார்கள் அநேகமாக எல்லாவற்றிலும் முன்பக்கத்தில் இருப்பது மெக்பர்சன் ஸ்ட்ரட் என்னும் அமைப்புதான். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண் ஒன்று நிற்கும். அதன் தலை ரப்பர் மவுண்ட் வழியாக உடலோடு போல்ட் போடப்பட்டிருக்கும். அடியில் சக்கரத்தை லோயர் ஆர்ம் பிடித்திருக்கும். அந்த ஆர்மின் நுனியில், குண்டு போல எப்பக்கமும் அசையும் பால் ஜாயின்ட் என்னும் இணைப்பு; மறுமுனையில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் உருளைகளான புஷ்கள். இவற்றுக்கு நடுவே, காரின் அகலத்துக்கு ஒரு வளைந்த இரும்புக் கம்பி ஓடுகிறது. அதுதான் ஸ்டெபிலைசர் பார். வளைவில் கார் ஒருபக்கமாகச் சாயாமல் தடுப்பது அதன் வேலை. அதன் இரு நுனிகளையும் இரண்டு பக்கத்து ஸ்ட்ரட்டுகளோடும், சில மாடல்களில் லோயர் ஆர்மோடும், இணைக்கும் சிறிய கம்பிகளைத்தான் பட்டறையில் லிங்க் ராடு என்கிறார்கள்.

இரண்டு சக்கரங்களும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கப்படுவதில்லை. முழுக் கம்பியும் சேர்ந்து ஆடிவிட்டு நின்றுவிடும். ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்போதுதான் கம்பி முறுக்கப்படுகிறது, லிங்க் ராடின் இரு முனைகளிலும் உள்ள சிறிய பால் ஜாயின்ட்டுகள் இழுபடுகின்றன. அவை தேய்ந்திருந்தால் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு தட்டல். வேகத்தடையில் நேராக ஏறினால் சத்தம் குறைவு, பெயர்ந்த சாலையில் மெதுவாகப் போனால் அதிகம் என்று நீங்கள் எழுதியது இந்த நடத்தையோடு அப்படியே பொருந்துகிறது. ஷாக் அப்சார்பரோ ஸ்ட்ரட் மவுண்ட்டோ கெட்டிருந்தால் வேகத்தடையில்தான் சத்தம் கூடுதலாக வந்திருக்க வேண்டும், ஏனென்றால் அங்கேதான் ஸ்ட்ரட் நெடுந்தூரம் அமுங்கி நீள்கிறது. அதுவும் நம் ஊர் வேகத்தடைகளில்! சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவின்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில் 10 சென்டிமீட்டர் உயரமே இருக்க வேண்டும். அப்படிக் கட்டியதை 25 கிலோமீட்டர் வேகத்தில் சிரமமில்லாமல் கடக்கலாம். தெருமுனைகளில் குறுகலாகவும் செங்குத்தாகவும் போட்டுவைத்திருக்கும் மேடுகளில் ஏறி இறங்கியும் உங்கள் ஷாக் அப்சார்பர் சத்தமிடவில்லை என்றால், அதை எஸ்டிமேட்டில் முதல் வரியாக எழுதியவரிடம் காரணம் கேட்பது நியாயம்.

இதை நீங்களே உறுதிசெய்யலாம். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் ஒரே வேகத்தடையை முதலில் நேராகவும், பிறகு சற்றுச் சாய்வாக ஒரு சக்கரம் முன்னால் ஏறுமாறும், நடக்கும் வேகத்தில் கடந்து பாருங்கள். சாய்வாக ஏறும்போது மட்டும் சத்தம் வந்தால் சந்தேகம் லிங்க் ராடு மீதும், ஸ்டெபிலைசர் பாரை உடலோடு பிடித்திருக்கும் இரண்டு புஷ்கள் மீதும்தான் விழும். பட்டறையில் இன்னும் தெளிவான சோதனை உண்டு: இரண்டு பக்கத்து லிங்க் ராடுகளையும் கழற்றி எடுத்துவிட்டு அதே சாலையில் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி வருவது. வளைவில் கார் கூடுதலாகச் சாயும் என்பதால் வேகம் கூடாது, மற்றபடி ஆபத்தில்லை. சத்தம் அறவே நின்றுவிட்டால் வேறு சாட்சி தேவையில்லை.

லிங்க் ராடைச் சோதிப்பதில் அடிக்கடி ஒரு தவறு நடக்கிறது. ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கில் தூக்கி, கம்பியைக் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு, லிங்க் ராடு இறுக்கமாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். ஒரு சக்கரம் தொங்கி மறுசக்கரம் தரையில் இருக்கும்போது ஸ்டெபிலைசர் பார் முறுக்கிய நிலையில் இருக்கும். அந்த இழுப்பில் தேய்ந்த ஜாயின்ட்டும் அசையாமல் நிற்கும். இரண்டு சக்கரங்களும் தரையில் இருக்க வேண்டும், அல்லது இரண்டும் ஒன்றாகத் தொங்க வேண்டும். அப்போது லிங்க் ராடைப் பிடித்து ஆட்டினால் தேய்மானம் விரலுக்குத் தெரியும். கிழிந்த ரப்பர் மூடியிலிருந்து துருவும் காய்ந்த கிரீஸும் கண்ணில் படும்.

லோயர் ஆர்ம் விஷயத்தில் முதல் பட்டறையை உடனே ஒதுக்கிவிட மாட்டேன். 88,000 கிலோமீட்டரில், அதுவும் கிராமத்துச் சாலையில் தினமும் ஓடிய காரில், அதன் பின்பக்கப் பெரிய புஷ் வெடித்திருக்க வாய்ப்புண்டு. அதன் அடையாளம் லொடலொட அல்ல. பிரேக் பிடிக்கும்போதோ, பிரேக்கை விட்டு நகரும்போதோ வரும் ஒற்றை டொம். காரைப் பட்டறைப் பள்ளத்தின் (பிட்) மேல் நிறுத்தி, நெம்புகம்பியால் ஆர்மை முன்னும் பின்னும் நெம்பினால் ரப்பர் இரும்பைவிட்டுப் பிரிந்திருக்கிறதா என்று நேரடியாகத் தெரியும். மேற்பரப்பில் மயிரிழை போன்ற வெடிப்புகள் இருப்பது மட்டும் மாற்றுவதற்குக் காரணம் ஆகாது.

ஆர்மின் நுனியில் உள்ள பால் ஜாயின்ட்டை மட்டும் யாரும் அலட்சியமாகப் பார்க்கக் கூடாது. சக்கரத்தைத் தூக்கித் தொங்கவிட்டு, கடிகாரத்தில் 12, 6 இருக்கும் இடங்களில் இரண்டு கைகளையும் வைத்து உள்ளும் வெளியும் ஆட்ட வேண்டும். ஆட்டம் இருந்தால் அது பால் ஜாயின்ட்டா, சக்கரம் தடையின்றிச் சுழலத் தாங்கிநிற்கும் வீல் பேரிங்கா என்ற கேள்வி எழும். இன்னொருவரைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் குற்றம் பேரிங்கில். பிரேக் பிடித்தும் ஆட்டம் தொடர்ந்தால் பால் ஜாயின்ட்டில். கைகளை 3, 9 இடங்களில் வைத்து ஆட்டினால், ஸ்டீயரிங்கின் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பியின் வெளிமுனை இணைப்பான டை ராடு எண்ட், அதற்கு உள்ளே இருக்கும் ராக் எண்ட் ஆகியவற்றின் தேய்மானம் தெரியும்.

இதை வீட்டு வாசலில் செய்வதாக இருந்தால் சமதளமான கெட்டித் தரையில், பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, ஜாக்கோடு ஸ்டாண்டும் வைத்த பிறகே சக்கரத்தைத் தொட வேண்டும். முதல் கியரில் போட்டிருக்கிறோமே என்ற தைரியம் வேண்டாம். முன்சக்கரங்களால் ஓடும் காரில் ஒரு முன்சக்கரம் அந்தரத்தில் இருந்தால் கியர் காரைப் பிடித்து நிறுத்தாது.

ஸ்டீயரிங்கின் சுழற்சியை இடவல நகர்வாக மாற்றும் ஸ்டீயரிங் ராக்கை மாற்றுவது பெரிய செலவு. ஆகவே கடைசிச் சந்தேகமாகவே அதை வைக்க வேண்டும். ராக்கில் தேய்மானம் இருந்தால் சிறு குழிகளில் வரும் தட்டல் காதில் மட்டுமல்லாமல் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் உள்ளங்கையிலும் தெரியும். கடிதத்தில் நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை. காரைத் தரையில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கைச் சிறிதளவு மட்டும் இடமும் வலமும் வேகமாக அசைக்க, மற்றவர் டை ராடு எண்ட், ராக் எண்ட், ராக்கைப் பிடித்திருக்கும் புஷ் ஆகியவற்றின் மேல் ஒவ்வொன்றாக விரலை வைத்துப் பார்த்தால் எது தட்டுகிறது என்று தெரிந்துவிடும். பல வேளைகளில் குற்றவாளி ராக் எண்டாகவோ, ஸ்டீயரிங் கம்பியில் உள்ள இணைப்பாகவோ இருக்கும். முழு ராக்கையும் கழற்ற வேண்டியதே இருக்காது.

ஷாக் அப்சார்பரைப் பொறுத்தவரை இன்னொரு சொல். அதன் உடலில் எண்ணெய் ஈரம் மெல்லிதாகப் படிந்து தூசி ஒட்டியிருப்பது கசிவு அல்ல. எண்ணெய் வழிந்து கீழ்வரை நனைத்திருந்தால், அல்லது முன்மூலையை அழுத்திவிட்டதும் கார் ஓர் ஆட்டத்தோடு நிற்காமல் தொடர்ந்து ஆடினால், மாற்றுங்கள். மாற்றும்போது இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

இனி, ஒடித்துத் திருப்பும்போது வரும் டக் டக். கார் நின்றிருக்கும் நிலையில் ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பிப் பாருங்கள். நிற்கும்போதே டொய்ங் என்று ஸ்பிரிங் துள்ளுவதைப் போன்ற சத்தம் வந்தால் ஸ்ட்ரட் மவுண்ட்டில் உள்ள பேரிங் இறுகியிருக்கிறது. நிற்கும்போது அமைதியாக இருந்து, சக்கரம் உருளத் தொடங்கியதும் டக் டக் வந்து, வேகத்துக்கு ஏற்ப அது நெருங்கி ஒலித்தால், அது இன்ஜினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஆக்ஸிலின் வெளிப்பக்க இணைப்பான சி.வி. ஜாயின்ட். திருப்பத்திலும் சக்கரத்துக்குச் சீராகச் சுழற்சியைக் கொடுப்பதற்காக அதனுள் ஆறு எஃகு உருண்டைகள் பள்ளங்களில் ஓடுகின்றன. பள்ளம் தேய்ந்துவிட்டால் திரும்பும்போது, குறிப்பாக ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது, ஒவ்வோர் உருண்டையும் தட்டும். இடதுபுறம் திரும்பும்போது வந்தால் பெரும்பாலும் வெளிவட்டத்தில் ஓடும் வலது சக்கரத்தின் ஜாயின்ட்தான் காரணமாக இருக்கும். ஆனால் இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ளாமல் கண்ணால் பார்ப்பது நல்லது. சக்கரத்தை முழுவதும் ஒடித்துவைத்து டார்ச் அடித்தால் ஜாயின்ட்டை மூடியிருக்கும் கறுப்பு ரப்பர் உறையான பூட் தெரியும். அதன் மடிப்புகளை விரித்துப் பாருங்கள். பிளவு மடிப்பின் உள்ளேதான் ஒளிந்திருக்கும். கிழிந்திருந்தால் ரிம்மின் உட்பக்கத்திலும் ஸ்ட்ரட்டிலும் கருநிறக் கிரீஸ் வட்டமாகச் சிதறியிருக்கும்.

பூட் கிழிந்தும் சத்தம் இன்னும் தொடங்காத நிலையில், ஜாயின்ட்டைக் கழுவி, அதற்குரிய மாலிப்டினம் கிரீஸ் வைத்துப் புது பூட் மாட்டினால் பிழைத்துக்கொள்ளும். உங்கள் காரில் சத்தமிடுவது இந்த ஜாயின்ட்தான் என்றால் கிரீஸ் பயன்தராது. ஜாயின்ட்டை மாற்றத்தான் வேண்டும். இரண்டு பட்டறைகளின் பட்டியலிலும் இது இல்லை என்பதைக் கவனித்தீர்களா?

மூன்றாவதான ஊ இரைச்சல் வீல் பேரிங்காகவும் இருக்கலாம், வெறும் டயராகவும் இருக்கலாம். பிரித்தறிவது கடினமல்ல. தார்ச் சாலையிலிருந்து கான்கிரீட் சாலைக்கு மாறும்போது இரைச்சலின் தன்மை மாறினால் அது டயர். எந்தச் சாலையிலும் ஒரே மாதிரி இருந்து வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கினால் பேரிங். முன்னும் பின்னும் வாகனம் இல்லாத நேரத்தில், நீண்ட வளைவு ஒன்றில் கவனித்துப் பாருங்கள்: இடது வளைவில் காரின் பாரம் வலது சக்கரத்தின் மேல் ஏறும், அப்போது இரைச்சல் கூடி, வலது வளைவில் குறைந்தால் வலது பேரிங்கைச் சந்தேகிக்கலாம். பிறகு சக்கரத்தைத் தூக்கி, ஒரு கையால் சுழற்றிக்கொண்டே மறுகையை ஸ்பிரிங்கின் மேல் மெதுவாக வைத்தால், கெட்ட பேரிங்கின் கரகரப்பு உள்ளங்கைக்கு ஏறும். விரல்களைச் சுருள்களுக்கு நடுவே விட வேண்டாம். டயரின் மேற்பரப்பை ஒருமுறை முன்னோக்கியும் ஒருமுறை பின்னோக்கியும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறுதிசையில் ரம்பப்பல் போல உறுத்தலாகவும் இருந்தால், முன் டயர்களைப் பின்னால் மாற்றிப்போட்டு ஓட்டுங்கள்; இரைச்சலும் பின்னால் போய்விட்டால் பேரிங்கைத் தொட வேண்டியதில்லை.

இவ்வளவும் பார்ப்பதற்கு முன் காசில்லாமல் பார்க்க வேண்டியவை சில உண்டு. பானெட்டைத் திறந்து பேட்டரியை ஆட்டிப் பாருங்கள். கிளாம்ப் தளர்ந்த பேட்டரி, சஸ்பென்ஷன் சத்தம் என்றே பலரையும் நம்பவைத்திருக்கிறது. பானெட் உட்காரும் ரப்பர் கட்டைகள், சக்கரத்துக்கு மேலுள்ள பிளாஸ்டிக் லைனர், இன்ஜினுக்கு அடியில் உள்ள கவர் ஆகியவற்றின் கிளிப்புகள் முழுமையாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அண்மையில் பிரேக் பேடு மாற்றியிருந்தால் இன்னொரு சோதனை: லொடலொட வரும் சாலையில் பிரேக் மிதியை மெல்லத் தொட்டுக்கொண்டே ஓட்டுங்கள். சத்தம் நின்றால், பேடைப் பிடித்திருக்கும் கேலிப்பருக்குள் பேடுதான் ஆடுகிறது. பழைய பேடைக் கழற்றும்போது சிறிய எஃகுக் கிளிப்புகளைத் தூக்கி எறிந்துவிடும் பழக்கம் நம் பட்டறைகளில் இன்னும் போகவில்லை.

திருச்செந்தூர்ப் பயணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். லிங்க் ராடு தேய்ந்திருப்பது பயணத்தைத் தடுக்கும் கோளாறு அல்ல. காதுக்கு எரிச்சல், அவ்வளவுதான். சி.வி. ஜாயின்ட் உடைந்தால் சக்கரத்துக்குச் சுழற்சி போகாமல் கார் வழியிலேயே நின்றுவிடும். எனவே அதை மாற்றாமல் நெடுந்தூரம் போவதை நான் விரும்ப மாட்டேன். ஆட்டம் கண்ட வீல் பேரிங், பால் ஜாயின்ட், டை ராடு எண்ட் ஆகிய மூன்றும் வேறு வகை. பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். டை ராடு எண்ட் கழன்றால் அந்தச் சக்கரத்துக்கும் ஸ்டீயரிங்குக்கும் தொடர்பே இருக்காது. இவற்றில் ஒன்றில் ஆட்டம் தெரிந்தால் திருச்செந்தூர் மட்டுமல்ல, பள்ளிக்கும் அந்தக் காரில் போக வேண்டாம்; பழுது பார்க்கும் இடத்துக்குக்கூட வேறு வண்டியில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். ஆகையால் 12-6, 3-9 சோதனையை அடுத்த மாதம் வரை தள்ளாமல் இந்த வாரமே செய்துவிடுங்கள்.

பட்டறைக்குப் போகும்போது, "அண்ணே, முன்னாடி சத்தம் வருது, பாருங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். மெக்கானிக்கை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தம் வரும் அதே சாலைக்கு அழைத்துச் சென்று, நேராக ஏறினால் வருவதில்லை, ஒரு சக்கரம் இறங்கினால்தான் வருகிறது என்று காட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரு சத்தத்துக்கான வேலையை மட்டும் செய்து, ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்ததற்குப் போகச் சொல்லுங்கள். இரண்டு முறை வேலைக்கூலி கொடுப்பதாகத் தோன்றலாம். நல்ல ஷாக் அப்சார்பரைக் கழற்றி எறிவதைவிட அது மிகவும் மலிவு.

லோயர் ஆர்ம் புஷ் மாற்ற வேண்டி வந்தால், ஆர்மின் போல்ட்டுகளைக் கடைசியாக முறுக்கும்போது கார் தன் முழுப் பாரத்தோடு சக்கரங்களில் நிற்க வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சக்கரம் தொங்கும் நிலையில் முறுக்கினால், கார் தரையில் இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாகத் திருகிய நிலையில் நின்று, சீக்கிரமே கிழிந்துவிடும். புது புஷ் ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை என்ற புகாரில் இதுவும் அடிக்கடி காணும் காரணம். லிங்க் ராடு மட்டும் மாற்றினால் வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்ப்பது) தேவையில்லை. ஆர்ம், டை ராடு எண்ட், ராக் எண்ட், ஸ்ட்ரட் ஆகியவற்றில் எதைக் கழற்றினாலும் கட்டாயம் பார்க்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றி மாட்டிய எந்த வேலைக்கும் பிறகு, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஓடியதும், வீல் நட்டுகளை உங்கள் காரின் கையேட்டில் உள்ள அளவுக்கு, முறுக்கும் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர் வைத்து மறுபடியும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.